ஏழாவது படி

"பதில் வந்திருச்சு சார். இப்ப என்ன பண்றது?"

போனில் காரைக்குடியிலிருந்து ஒரு பல் மருத்துவமனை நர்ஸ். பல் பிடுங்கும் கருவிகளைச் சுத்தம் செய்ய, பரிதி வேலை பார்க்கும் கம்பெனி செய்த நீராவிப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. பிஸ்கட் டின் அளவுப் பெட்டி. அதன் கையேட்டைத் தயாரித்தவன் பரிதி.

"என்ன பதில்ம்மா?"

"உங்க புத்தகத்துல ஏழாவது படி சார். 'மூடும் முன் யார் உள்ளே என்று உரக்கக் கேட்கவும். பதில் வராவிட்டால் மூடவும்.' நாலு வருஷமா கேட்டுட்டுத்தான் மூடறோம். டாக்டர்கூட சிரிப்பார். இன்னிக்கு 'இருங்க'ன்னு ஒரு ஆம்பளைக் குரல். பதில் வந்தா என்ன செய்யணும்னு போடலையே?"

பரிதி போனை வைத்துவிட்டான். வேறென்ன செய்வான்?

தேடிப் பார்த்தான். அந்த வரி இருநூற்றுப் பன்னிரண்டு கையேடுகளில் இருந்தது. அன்று மாலை நாலு மணிக்குள் அவன் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், எல்லாக் கையேடுகளையும் ஒரே இடத்தில் வைத்து எழுத. இல்லாவிட்டால் வேலை வெளியாளுக்குப் போகும். நாற்பத்து நாலு வயதில் அவன் வீட்டுக்குப் போவான்.

அதே ஆபீசில் இருக்கும் ஜெசிந்தாவிடம் போனான். அவனைவிட ஆறு வயது இளையவள். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்தது அவள்தான். அதனால் மேடம்.

"அது நான் எழுதின வரி," என்றாள். "பதினோரு வருஷம் முன்னாடி. ஒரே ஒரு பெட்டிக்கு. ஆள் உள்ளே நடந்து போற பெட்டி. உள்ளே ஒருத்தர் துடைச்சிட்டிருக்கும்போது மூடிட்டாங்க."

"அப்புறம்?"

"பெட்டி திரும்பி வந்திருச்சு. பின்னாடி ஷெட்டுல நிக்குது. அவர் வரல."

"ஒரு பெட்டிக்கு எழுதினது எப்படி மேடம் எல்லாத்துலயும் வந்துச்சு?"

"என்னைக் கேக்கறீங்க? புதுப் புத்தகம்னா பழசைக் காப்பி பண்ணி, பேரை மட்டும் மாத்தினது யாரு?"

பரிதி பேச்சை மாற்றினான். "மூணு மென்பொருள் இருக்கு. முதலாவதுல ஒரு வரியை ஒரு இடத்துல மாத்தினா எல்லாத்துலயும் மாறும். ரெண்டாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியா கேட்டுட்டு மாத்தும். மூணாவது விலை கம்மி. எது நல்லது?"

"இந்த வரி ஏன் வந்துச்சுன்னு எது சொல்லும்?"

"எதுவும் சொல்லாது மேடம்."

"அப்ப ஷெட்டுக்குப் போங்க. அந்தப் பெட்டிக் கதவுகிட்ட நின்னு யார் உள்ளேன்னு கேளுங்க. வந்து எட்டாவது படி எழுதுங்க. பதில் வந்தா என்ன செய்யணும்னு. அதுக்கப்புறம் எதை வேணா வாங்கிக்கோங்க."

"மணி மூணேகால் மேடம். நேரமில்ல."

அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

பரிதி முதலாவதைத் தேர்ந்தெடுத்தான். அன்றே அந்த வரியை அழித்தான். ஒரே தட்டு. இருநூற்றுப் பன்னிரண்டிலும் காணோம். முதலாளி கைகுலுக்கினார். பரிதிக்கு அன்று பிரியாணி நன்றாக இறங்கியது.

பன்னிரண்டாம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து போன். மீன் டப்பாக் கம்பெனி. ஆள் நடந்து போகிற பெட்டி, புதுசு. அதனுடன் போன கையேடும் புதுசு.

"சார், புத்தகத்துல போட்டபடிதான் மூடினோம். இப்ப உள்ளேயிருந்து 'இருங்க, இருங்க'ன்னு சத்தம் வருது. நீராவி இன்னும் விடல. அடுத்த படி நீராவி விடறதுன்னு போட்டிருக்கு. விடவா?"

"திறங்க!" பரிதி கத்தினான். "விடாதீங்க! திறங்கய்யா!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா அவன் மேசைக்கு வந்து நின்றாள். போனில் இரும்பு உரசும் சத்தம்.

"திறந்துட்டோம் சார்."

"யாரு? யாரு உள்ளே?"

"யாருமில்ல. எங்க ஆளுங்க ஒன்பது பேரும் வெளியிலதான் நிக்கறாங்க. எண்ணிட்டேன்." அந்த ஆள் குரலைத் தாழ்த்தினான். "இப்ப மூட ஒருத்தனும் வரமாட்டேங்கறான் சார்."

பரிதி போனை வைத்தான். ஏழாவது படியைப் பெரிய பெட்டியின் கையேட்டில் மட்டும் திரும்பச் சேர்த்தான். அதன் கீழே எழுதினான்: பதில் வந்தால் திறக்கவும்.

"சரியா மேடம்?"

"வரி சரி," என்றாள் ஜெசிந்தா. "போய்க் கேட்டீங்களா?"

ஷெட் நாற்பது தப்படி. பட்டப்பகல். கையில் வேலையும் இல்லை. பரிதி போனான். கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. கேட்க வேண்டியது ரெண்டே வார்த்தை. வாயைத் திறந்தான். பதில் வந்துவிட்டால்?

அஞ்சு மணிச் சங்கு ஊதும்வரை அப்படியே நின்றான். கேட்கவில்லை.