தெருவைப் பார்த்த வீடு

ஆனைக்குளம் சமஸ்தானத்தில் வீரபத்திரப் பாவலர் என்று ஒருவர் இருந்தார். ராஜாவின் ஆணைகளை நல்ல தமிழில் எழுதித் தருவது அவர் உத்தியோகம். எழுதிய தமிழைத் தாமே மெச்சிக்கொள்வது உபதொழில்.

ராஜா கடைத்தெருவுக்குக் கல் பாவினார். "தெருவைப் பார்த்த கட்டடமெல்லாம் செலவில் பங்கு தரவேண்டும்" என்று பாவலர் ஆணை எழுதினார். அடடா, என்ன நடை! எழுதிவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். அவருடையது கடைத்தெருவின் மூலை வீடு. தெருவாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பக்கத்துச் சந்தில் புதுவாசல் திறந்தார். தம்மைவிடக் கெட்டிக்காரன் ஊரில் இல்லை என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஊரே பங்கு கொடுத்தது. ரயில் கம்பெனி மட்டும் வழக்குப் போட்டது.

"மகாராஜா, எங்கள் ஸ்டேஷன் தண்டவாளத்தைப் பார்த்த கட்டடம். தெருப்பக்கம் இருப்பது அதன் முதுகு. முதுகு எங்காவது பார்க்குமா?" என்றார் கம்பெனி வக்கீல் ரங்கபாஷ்யம்.

ராஜா பாவலரை முறைத்தார். "ஓய், எல்லாம் உம்ம தமிழ் செய்த வேலை. ஓட்டையை நீரே அடையும். முடியாவிட்டால் நாளை முதல் சபைப் பக்கம் வரவேண்டாம்."

பாவலர் பயந்துபோனார். உத்தியோகம் போய்விடுமே! அந்தப் பயத்திலும், 'இந்த முதுகு யோசனை நமக்குத் தோன்றாமல் போச்சே, வீணாகச் செங்கல் வாங்கினோமே' என்று ஒரு வருத்தம் வேறு.

தொண்டையைச் செருமினார். "வக்கீலய்யா சொல்வது நியாயம். முதுகேதான். ஆனால் வருகிறவர்களைக் கொல்லைப்புறமாகவா உள்ளே அழைப்பது? மரியாதையா அது? தெருப்பக்கக் கதவைப் பூட்டச் சொல்லுங்கள், மகாராஜா. பயணிகள் இனி முன்பக்கமாகவே போகட்டும்."

வக்கீல் பதறினார். "முன்பக்கம் தண்டவாளமல்லவா இருக்கிறது! ஜனங்கள் எப்படி வருவார்கள்?"

"ரயிலில் வரட்டும்."

"ரயில் ஏற வருகிறவன் ரயிலிலா வருவான்? தெருப்பக்கம்தானய்யா எங்கள் வாசல்!"

"கேட்டீர்களா, மகாராஜா? வாசல் பார்க்கிற பக்கம்தானே வீடு பார்க்கிற பக்கம்!"

சபை கொல்லென்று சிரித்தது. வக்கீல் வழிந்துகொண்டே பங்கு தர ஒப்புக்கொண்டார்.

"பலே, பாவலரே! பட்டத்து யானைமேல் ஏறும். உம்ம வாசல்வரை ஊர்வலம், வாசலில் பொன்னாடை!" என்றார் ராஜா.

பாவலர் முகம் செத்துவிட்டது. அந்தச் சந்தில் பசுமாடு திரும்பினாலே சுவர் உரசும். யானை எங்கே நுழைவது?

"ஒருநாள் பொறுக்கணும், மகாராஜா."

"ஏன்?"

"கொத்தனாரைக் கூப்பிடணும். அடியேன் வீடு நாளையிலிருந்துதான் தெருவைப் பார்க்கும்."

ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்க்கட்டும், பார்க்கட்டும். உம்ம பங்கை யானையிடமே கொடுத்தனுப்பும்!"