ஈறு மாதிரி அழுத நாக்கு

ஒரு வாய் இருந்தது. டவுன் பஸ் கண்டக்டர் இசக்கியப்பனுடைய வாய். அதற்குள் ஒரு நாக்கு இருந்தது. அந்த நாக்குக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது.

எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே செய்து காட்டும். டிரைவர் செல்வின் இருமினால் இருமும். பின்சீட்டுக் கூடையிலிருந்து கோழி கொக்கரித்தால் இதுவும் கொக்கரிக்கும். கோழி குழம்பிப்போய் இன்னொரு தடவை கொக்கரிக்கும். கீழ்வரிசை முன்பல்லின் முதுகில் சாய்ந்து நாக்கு ஒரு விசில் விட்டால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்.

"ஏல முன்பல்லே, நீ இல்லைன்னா என் பொழப்பு என்னல ஆவும்?" என்று நாக்கு கொஞ்சும்.

"தள்ளிப் போ, கூசுது" என்று முன்பல் சிரிக்கும்.

முன்பல்லின் காலைக் கட்டிப் பிடித்தபடி ஈறு நின்றிருந்தது. அது யாரிடமும் பேசாது. பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை.

தினமும் காலையில் பிரஷ் வரும், டிரில் மாஸ்டர் கணக்காக. "வரிசையா நில்லு! அங்க என்ன சத்தம்?" என்று அது அதட்டினால், "அங்க என்ன சத்தம்?" என்று நாக்கும் அதட்டும். கடைவாய்ப் பற்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இசக்கியப்பனுக்கோ ஐந்தரை மணி பஸ். அவசரத்தில் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவார். ஈறின் ஓரத்தில் தங்கிய அழுக்கு தங்கியபடியே கிடந்தது. ஒருநாள் அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

நாக்குக்குக் குஷி தாங்கவில்லை. ஈறின் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாதே! தானே ஒரு குரலைத் தயார் பண்ணி ஒப்பாரி வைத்தது.

"ஐயோ, கொல்றானே! பிரஷ்ஷு என்னைக் கிழிச்சுப் போட்டானே! இனி இந்தப் பக்கம் வந்தா உசிர விட்டுருவேன்!"

பற்கள் சிரித்துக் குலுங்கின. பிரஷ் வெலவெலத்துப் போனது. கண்ணாடியில் சிவப்பைப் பார்த்த இசக்கியப்பனும், "பிரஷ் குத்துது போல. அந்த இடத்தை விட்டுருவோம்" என்று முடிவு கட்டினார்.

பிரஷ் வராத இடத்துக்குக் காரை வந்தது. அழுக்காக இருந்து, இறுகி, மஞ்சள் கல்லாகி, கொத்தனார் தோரணையில் முன்பல்லின் அடியில் உட்கார்ந்தது.

"யாருவே நீரு?" என்றது நாக்கு.

"காரை. அடிமானம் பூச வந்திருக்கேன்."

"உம்மை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட்டாத்தான் வரணுமா தம்பி? இந்தப் பல்லைப் பாரு, எவ்வளவு ஒல்லி! நான் பூசிவிட்டா நூறு வருஷத்துக்கு அசையாது."

முன்பல்லுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்லா கெட்டியாப் பூசும்" என்றது.

காரை பூசியது. "கொஞ்சம் நகரு தாயி, வேலை நடக்குதுல்லா" என்று ஈறைத் தள்ளித் தள்ளி அதன் அடியிலும் பூசியது. ஈறு சிவந்தது, வீங்கியது, பிடியை விட்டு விட்டுக் கீழே இறங்கியது. டிக்கெட் வாங்குகிறவர்கள் வாய்நாற்றம் தாங்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் நாக்கு வழக்கம்போல் சாய்ந்தது. முன்பல் அசைந்தது.

"ஏய், ஊஞ்சல்!"

அன்று முழுக்க ஊஞ்சல்தான். முன்னே தள்ளும், பின்னே இழுக்கும்.

"விடுல, பயமா இருக்கு" என்றது முன்பல்.

"விதுல, பயமா இதுக்கு" என்று நாக்கு மழலையில் பழித்துக் காட்டியது.

சாயங்காலம் ஜங்ஷனில் வண்டியை எடுக்க வேண்டும். நாக்கு சாய்ந்து விசில் விட்டது.

புஸ்ஸ்ஸ்.

"என்ன அண்ணாச்சி, டயர் பஞ்சரா?" என்றார் செல்வின். பஸ்ஸே சிரித்தது. நாக்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"முன்பல்லே, விழுந்துராதல. நீ போனா என் விசில் போச்சு. அப்புறம் நான் வெறும் சோறு புரட்டுற கரண்டிதான்."

"என்னைப் பிடிச்சிருந்த ஈறே இறங்கிப் போகுது. நான் என்ன செய்ய?"

நாக்கு கீழே குனிந்தது. "ஏ ஈறே, இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஈறு முதல் தடவையாக வாய் திறந்தது. "சொன்னேனே. ரத்தமாச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச பேச்சு அதுதான். 'ஓரத்துல அழுக்கு இருக்கு, இன்னும் நல்லா வா'ன்னு பிரஷ்ஷைக் கூப்பிட்டேன். நீ 'வராதே'ன்னு கத்திட்ட."

நாக்கு மெதுவாக ஈறின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது.

அந்த வாரம் டெப்போவில் பல் முகாம் போட்டார்கள். டாக்டர் மும்தாஜ் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க அண்ணாச்சி. பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

பின்னால் டெப்போவே வரிசையில் நின்றது. 'அதெல்லாம் இல்லை' என்று சொல்ல இசக்கியப்பன் வாயைத் திறந்தார். நாக்கு அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னது.

"வருது டாக்டர். ஆறு மாசமா வருது. அந்த இடத்தை விட்டுட்டுத்தான் தேய்க்கேன்."

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இசக்கியப்பனே திடுக்கிட்டார். "காரை படிஞ்சிருக்கு. சுத்தம் பண்ணி எடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

"என்னை எடுத்தா பல்லு ஆடும்!" என்று காரை அலறியது.

"சுத்தம் பண்ணினா பல் ஆடும்னு சொல்லுதாங்களே டாக்டர்?" என்றார் இசக்கியப்பன்.

"ஏற்கெனவே ஆடுது அண்ணாச்சி. காரை அதை மறைச்சு வச்சிருக்கு. பல்லைப் பிடிக்க வேண்டியது ஈறும் எலும்பும். காரை இருக்கிற வரைக்கும் ரெண்டும் இறங்கிக்கிட்டேதான் போகும்."

மெஷின் கிர்ர்ர் என்றது. நாக்கும் பழக்கதோஷத்தில் கிர்ர்ர் என்றது.

"நாக்கைக் கொஞ்சம் சும்மா வைங்க அண்ணாச்சி!"

"நூறு வருஷம்னேனே... நூறு வரு..." என்றபடி காரை துண்டு துண்டாகத் தொட்டியில் விழுந்தது.

"ஐயோ, குளிருது" என்று முன்பல் நடுங்கியது.

"ரெண்டு வேளை, மிருதுவான பிரஷ். ஈறும் பல்லும் சேர்ற ஓரத்துல சாய்ச்சுப் பிடிச்சுத் தேய்ங்க" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் ரத்தம் வரும். அதுக்காக நிறுத்தாதீங்க. இறங்கினது பழையபடி ஏறாது. மிச்சத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்க."

மறுநாள் காலையில் பிரஷ் தயங்கித் தயங்கி வந்தது. "வரலாமா? போன தடவை உசிரை விட்டுருவேன்னு..."

தொட்டதும் ரத்தம். எல்லாப் பற்களும் நாக்கையே பார்த்தன. நாக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈறின் மெல்லிய குரலில் சொன்னது: "வா. ஓரத்துல இன்னும் கொஞ்சம். நிறுத்தாத."

"அப்படியே என் குரல்" என்றது ஈறு.

பத்தாம் நாள் ரத்தம் நின்றது. வீக்கம் வடிந்தது. அடுத்த மாதம் ஜங்ஷனில் நாக்கு பயந்து பயந்து முன்பல்லின் முதுகில் சாய்ந்தது. முன்பல் நின்றது. கிளம்பிய விசிலில் டீக்கடைக்காரர் கிளாஸை நழுவவிட்டார்.

"அண்ணாச்சி, என் காது!" என்று கத்தினார் செல்வின்.

பஸ் கிளம்பியது. நாக்கு பெருமையோடு குனிந்து கேட்டது. "எப்படி ஈறே? ஏதாவது சொல்லேன்."

ஈறு ஒன்றும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது.

நாக்கு அதையும் அப்படியே செய்து காட்டியது. ஒரு முழு நிமிஷம் சும்மா இருந்தது.