இரண்டு நட்சத்திரம் போட்ட வரி

கடற்கரை ஊர் ஒன்றின் மீனவர் சங்கத்தில் ஆக்னஸ் லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயக்கமுறையைச் சொல்லிக்கொடுத்துவந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. மாணவர்களில் மூத்தவரான திருமேனிக்கு அறுபத்தொன்று. சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர், பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கோபத்துக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை.

அன்று காலை ஆக்னஸ் படியேறுவதற்குள் திருமேனி வழிமறித்தார்.

"டீச்சர், மீன் கூடை தூக்கின கையில மெஷினைக் கொடுக்கலாமா?"

"என்ன ஆச்சு சார்?"

"லூர்தம்மா சுவிட்சைப் போட்டா. திரை இருட்டாயிடுச்சு. வந்து ஒரு வாரம் ஆகாத புது மெஷின். கொன்னுட்டா."

லூர்தம்மாள் வாசலோரம் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தார். பதினைந்து வருஷம் துறைமுகத்தில் மீன் தரம் பிரித்தவர். இப்போது ஐந்து மாதமாகச் சங்கத்தில் தட்டச்சு வேலை. அதை நிரந்தரமாக்குவதா, வேண்டாமா என்று பதினோரு மணிக்குக் கமிட்டி கூடி முடிவுசெய்ய இருந்தது. "இனிமே உள்ளே வராதே" என்று திருமேனி பத்துப் பேர் முன்னால் சொன்ன பிறகு லூர்தம்மாள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கமிட்டியிடம் கொடுக்கப் புகார்க் கடிதமும் எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த திருமேனி, இதையெல்லாம் ஆக்னஸிடம் பெருமையாகவே சொன்னார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கைக்குத் தண்டனையே எழுதியாகிவிட்டது.

ஆக்னஸின் முகம் சிவந்தது. டீச்சருக்கும் லூர்தம்மாள் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டார் திருமேனி. நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மெஷின் செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும் சார்?"

"திரையில ஒண்ணுமே இல்லையே."

ஆக்னஸ் விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். இருட்டுத் திரையில் வெள்ளை எழுத்து எழுந்து, யார் நீ என்று பெயர் கேட்டது.

"செத்தவங்க பெயர் கேப்பாங்களா?"

திருமேனி பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்தார். மெஷினில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறக்கச் சொன்னார் ஆக்னஸ். திருமேனி நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"பாருங்க டீச்சர். ஒரு திரையும் கிடைக்கலைன்னு அதுவே சொல்லுது. நான் சொன்னது சரிதானே?"

"மேலேயிருந்து வாசிங்க."

"முந்நூறு வரி இருக்கே."

"அவங்க பொழைப்பு வெளியே நிக்குது. வாசிங்க."

அந்தக் குரலில் இருந்த சூடு யார் மேல் என்று திருமேனிக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஏதோ குறி போட்டிருக்கே டீச்சர்."

"தனக்கு இது எப்படித் தெரியும்னு மெஷின் சொல்ற குறி. ரெண்டு கோடு போட்டிருந்தா, அதுவே தேடிப் பார்த்துக் கண்டது. ரெண்டு நட்சத்திரம்னா, ஒரு ஆள் ஃபைல்ல எழுதிவெச்சதை அப்படியே நம்பினது. ரெண்டு கேள்விக்குறின்னா, தெரியாது."

"தெரியாதுன்னுகூட எழுதுமா?"

"எழுதும். அதுக்கு வெட்கம் கிடையாது."

திருமேனி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில் விரல் நின்றது.

"ரெண்டு நட்சத்திரம் வருது. திரைக்குப் படம் அனுப்புற கார்டு இன்னது, அதை இயக்குற டிரைவர் ப்ரோகிராம் இன்னதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஆனா அந்தக் கார்டு இந்த மெஷின்ல கிடையாதே. அது ரொம்பப் பழசு."

"யார் சொன்னதுன்னு பாருங்க. ஃபைலை வெச்சவங்க பெயர் இருக்கும்."

பார்த்தார். பெயர் திருமேனி. நேற்று மாலை ஐந்து இருபது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் படம் வராமல்போனபோது ஒருவர் எழுதிக்கொடுத்த ஃபைல் அது. அதை வைத்ததும் படம் வந்தது. அன்றிலிருந்து பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு, கையில் சிக்கும் கம்ப்யூட்டருக்கெல்லாம் தாயத்து கட்டுகிறமாதிரி அதைக் கட்டிவிடுவார். நேற்று லூர்தம்மாள் வேலை முடிந்து கிளம்பிப் போனபின் இந்தப் புது மெஷினுக்கும் கட்டினார்.

"நேத்து ஒண்ணும் ஆகலையே டீச்சர்."

"நேத்து மெஷின் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தது. அடுத்த தடவை எழுந்திருக்கும்போதுதான் அந்த ஃபைலைப் படிக்கும். இன்னைக்குக் காலையில எழுப்பினது யாரு?"

திருமேனி வாசல் பக்கம் பார்த்தார். லூர்தம்மாள் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தானே செய்த தப்புக்கு, ஒரு தப்பும் செய்யாதவரை இரண்டு மணி நேரமாக வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஃபைலை எடுத்துடுங்க" என்றார் ஆக்னஸ்.

எடுத்தார். மெஷின் அணைந்து எழுந்தது. தன் கார்டைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு, சங்கத்தின் படகுப் படத்தோடு திரை வெளிச்சமாக வந்து நின்றது.

திருமேனி பெருமூச்சு விட்டார். ஆக்னஸ் கையை நீட்டினார்.

"கடிதம்."

தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். ஆக்னஸ் அதை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்தார்.

"முதல் வரி என்ன?"

"'லூர்தம்மாள் இயந்திரத்தைப் பழுதாக்கிவிட்டார்.'"

"நீங்க தேடிப் பார்த்துக் கண்டதா?"

"இல்லை."

"அப்போ என்ன குறி?"

திருமேனி இரண்டு கேள்விக்குறி போட்டார். பென்சில் முனை ஒடிந்தது. ஆக்னஸ் இன்னொரு பென்சில் கொடுத்தார்.

"அடுத்தது?"

"அது வேண்டாம் டீச்சர்."

"வாசிங்க."

"'மீன் கூடை சுமந்த கைக்கு இந்த வேலை பொருந்தாது.'"

"அஞ்சு மாசமா அவங்க அடிச்ச தாளெல்லாம் உங்க மேசைக்குத்தானே வந்தது. எத்தனை தப்பு கண்டீங்க?"

"ஒண்ணும் கண்டதில்லை."

"அப்போ இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாருன்னு சொல்ல? எங்கப்பா சொல்வார். அவங்கப்பாவும் சொல்லியிருப்பார். சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்ததுதான்."

ஆக்னஸ் பென்சிலைப் பார்த்தார். திருமேனி குனிந்து, அந்த வரிக்கு முன்னால் இரண்டு நட்சத்திரம் போட்டார். கடிதத்தில் மொத்தம் ஏழு வரி. முடிக்கும்போது எந்த வரிக்கும் இரண்டு கோடு விழவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. கமிட்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆக்னஸ் வாசலுக்குப் போய் லூர்தம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, முன் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்.

திருமேனி கடிதத்தை நான்காக மடித்தார்.

"கிழிச்சுப் போட்டுடவா டீச்சர்?"

"கிழிக்காதீங்க. பத்துப் பேர் முன்னாடி சொன்னீங்க இல்லையா? அந்தப் பத்துப் பேரும் வந்து உட்காரட்டும். எழுந்து நின்னு வாசிங்க, ஒவ்வொரு வரிக்கும் என்ன குறின்னு சேர்த்து."