மருதமரத்துச் செய்தியின் கடைசி வரி

தாழைக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் உச்சிக்கிளையில் ஒரு மைனா இருந்தாள். பெயர் அஞ்சலை. அந்தக் காட்டுக்கு அன்றாடம் காலையில் செய்தி வாசிப்பவள் அவள்தான்.

முன்பு அவள் காட்டுக் காவலரின் குடிசைக் கூரையில் கூடு கட்டியிருந்தாள். குடிசைக்குள்ளே ஒரு பழைய ரேடியோ. விடிந்ததும் அது கரகரவென்று கொஞ்ச நேரம் இருமும். பிறகுதான் செய்தி சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டே அஞ்சலை தொழில் கற்றாள். அந்த இருமலையும் சேர்த்தே கற்றாள். அதனால் "கர்ர்ர்... கர்ர்ர்..." என்று தொடங்காவிட்டால் காட்டில் எவரும் அதைச் செய்தி என்று ஒப்புக்கொள்வதில்லை.

"கர்ர்ர்... தாழைக்குளம் செய்திகள். வாசிப்பது அஞ்சலை."

குளத்தில் தண்ணீர் எந்தப் படிக்கல் வரை நிற்கிறது, எந்த அத்திமரத்தில் பழம் உதிர்கிறது, யார் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது, யார் காலமானார் என்று வரிசையாக வாசிப்பாள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு வரி வரும்.

"நரி சிங்காரம் இன்று படுத்திருக்கும் இடம், கிழக்குப் பாறை. செய்திகள் முடிவடைந்தன."

மற்றச் செய்திகளுக்கு அவள் அதிகம் அலைய வேண்டியதில்லை. குளம் காலடியிலேயே இருக்கிறது. பழச் செய்தியைக் கிளிகளே கத்திக்கொண்டு வந்து கொடுத்துவிடும். அந்தக் கடைசி வரிக்குத்தான் பாடு. கண் சரியாகத் தெரியாத வெளிச்சத்தில் எழுந்து, பனியில் இறக்கை நனைய, காட்டைச் சுற்றிப் பறந்து, நரி எங்கே சுருண்டிருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் அது கிழக்குப் பாறையில்தான் படுத்திருக்கும். ஆனாலும் பார்க்காமல் வாசிக்க அவளுக்கு மனம் வராது.

இவ்வளவு செய்தும் ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. குறை மட்டும் தவறாமல் வந்தது.

"தினமும் கிழக்குப் பாறை, கிழக்குப் பாறை! உனக்கே அலுக்கலையா அஞ்சலை?" என்று குளத்துத் தவளை கட்டையன் கேட்டான். "வேற ஏதாவது சுவாரசியமா சொல்லேன்!"

"இருக்கறதத்தானே சொல்ல முடியும், கட்டையா?"

"அப்ப இருக்கறதையே கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி பாத்துச் சொல்லு!"

அஞ்சலைக்கு அதற்கு மேல் எதிர்த்துப் பேச வராது. வெயில் ஏறும் வரை இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். இறக்கையின் அடியில் ஒரு வலி குடிவந்து பல நாள் ஆகியிருந்தது.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து சிங்காரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அது மரத்தடிக்கே வந்து, மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது.

"அஞ்சலை, உன்னைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

"நீ பாவம் பாக்கற ஆளா?" என்று அஞ்சலை இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டாள்.

"என்னைத் தேடித்தானே காலங்காத்தால அலையறே? நான் ராத்திரியெல்லாம் சுத்தறவன். பக்கத்துக் காடு, ஆத்தங்கரை, ஊர் எல்லை வரைக்கும் போறேன். அங்க நடக்கறதையெல்லாம் நானே கொண்டுவந்து சொல்றேன். நீ உக்காந்த இடத்துல வாசி!"

"நீ சொல்றது பொய்யா இருந்தா?"

"சோதிச்சுப் பாரு! ஒரு பொய் இருந்தாலும் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்."

அஞ்சலை சோதித்தாள். ஆற்றங்கரையில் யானைக்கூட்டம் இறங்கியிருக்கிறது என்றது நரி. பறந்து போய்ப் பார்த்தாள். இறங்கியிருந்தது. மேட்டுக்காட்டில் மயில் சொக்கன் புது ஆட்டம் ஆடுகிறான், பார்க்கக் கூட்டம் கூடுகிறது என்றது. அதுவும் உண்மை.

செய்தி களைகட்டியது. யானை வந்த செய்திக்கு முயல்கள் துள்ளின. சொக்கனின் ஆட்டத்தை அவள் விவரித்தபோது கட்டையன் தண்ணீரில் தொம்மென்று குதித்து, "இது செய்தி!" என்றான். அஞ்சலை முதல்முறையாக ஒரு பாராட்டைக் கேட்டாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அலகால் இறக்கையைக் கோதிக்கொண்டாள்.

அப்போதுதான் சிங்காரம் மெதுவாக அடுத்ததைச் சொன்னது.

"அந்தக் கடைசி வரி இன்னும் எதுக்கு? நான் எங்க படுத்திருந்தா யாருக்கு என்ன? கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் புளிச்சுப்போச்சு. அந்த நேரத்துல சொக்கனைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லலாம். நீயும் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்."

தூங்கலாம் என்ற சொல் அஞ்சலையை எங்கேயோ தொட்டது. மறுநாள் விடியலில் கண் விழித்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்று ஒருநாள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று கடைசி வரி இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அன்றும் ஒருவரும் கேட்கவில்லை. பாடுபட்டுத் தேடிக் கொண்டுவந்த ஒரு செய்தி காணாமல் போனது ஒருவருக்கும் தெரியவில்லையே என்று அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவள் கௌதாரி பவுனு. குளத்தை ஒட்டிய புல்மேட்டில் குடியிருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. கடைசி வரி வரும் வரை அவற்றை இறக்கைக்குள் அடக்கி வைத்திருப்பாள். நரி கிழக்கே என்றால் மேற்கே மேய்ப்பாள். வடக்கே என்றால் தெற்கே. அந்த வரியை வைத்தே அவள் நாள் நடந்தது.

வரி வராத நாள்களில் அவள் குழம்பினாள். அக்கம்பக்கத்து முயலிடம் கேட்டாள்.

"நரியைப் பத்தி இப்பல்லாம் பேச்சே இல்லையே, ஏன்?"

"இருந்தா அஞ்சலை சொல்லாம இருப்பாளா?" என்றது முயல். "வேற காட்டுக்குப் போயிருக்கும். நீ நிம்மதியா மேய்!"

பவுனுவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அஞ்சலை ஒருநாளும் தவறியதில்லையே. மறுநாள் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மேற்குக் கரையின் உயர்ந்த புல்லுக்குள் இறங்கினாள். அங்கேதான் கறையான் நிறைய.

மருதமரத்தில் செய்தி நடந்துகொண்டிருந்தது.

"மேட்டுக்காட்டில் மயில் சொக்கன் நேற்று மாலை ஆடிய ஆட்டத்தில், தோகையை ஒரு பக்கமாகச் சாய்த்து..."

வாசித்துக்கொண்டே அஞ்சலை தற்செயலாக மேற்கே பார்த்தாள். காற்று இல்லை. ஆனாலும் புல் ஒரு கோடாக அசைந்தது. கோட்டின் முனையில் ஒரு சாம்பல் முதுகு தெரிந்தது. கோடு போய்ச் சேரும் இடத்தில் பவுனு தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நரி!" என்று அஞ்சலை அலறினாள். "மேற்குக் கரையில நரி! பவுனு, ஓடு!"

இருமலும் இல்லை, "வாசிப்பது அஞ்சலை"யும் இல்லை. அப்படி ஒரு குரல் அந்த மரத்திலிருந்து வந்ததே இல்லை. பவுனு சட்டென்று குரல் கொடுத்தாள். குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறி வேர்களுக்குள் புகுந்தன. சிங்காரம் பாய்ந்தது.

எல்லாம் அடங்கியபின் பவுனு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வந்தவை இறக்கைக்குள் நுழைந்தன. ஒன்று வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"செய்திக்கு நடுவுல என்ன கூச்சல்? தோகையைச் சாய்ச்சு, அப்புறம்?" என்று கட்டையன் கேட்டான்.

அக்கரையில் சிங்காரம் வாயை நக்கிக்கொண்டு நின்றது.

"என்னைத் திட்டாதே அஞ்சலை. நான் உன்கிட்ட ஒரு பொய்யாவது சொல்லியிருக்கேனா?"

அஞ்சலை யோசித்துப் பார்த்தாள். ஒரு பொய்யும் இல்லை. யானை வந்தது உண்மை. மயில் ஆடியது உண்மை. அவள் வாசித்த ஒவ்வொரு வரியும் உண்மை. அவள் பவுனுவிடம் பறந்து போனாள். திட்டட்டும், கொத்தட்டும் என்று தலை குனிந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

பவுனு திட்டவில்லை. அழுது முடித்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு எந்தப் பக்கம் போகட்டும், அஞ்சலை?"

அந்தக் கேள்வியைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் பவுனு நாளைய செய்தியைத்தான் எதிர்பார்த்திருந்தாள். அவளுக்கு வேறு வழி இல்லை.

மறுநாள் அஞ்சலை இருட்டு பிரியும்போதே எழுந்தாள். வலி அப்படியே இருந்தது. பனியும் அப்படியேதான் கொட்டியது. கிழக்குப் பாறையில் நரி இல்லை. தெற்கே முள்காட்டில் தேடினாள். அங்கேயும் இல்லை. வடக்கே ஈச்சம்புதருக்குள் ஒரு வால் நுனியைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து மரத்தில் உட்கார்ந்து, கடைசிச் செய்தியை அன்று முதலில் வாசித்தாள்.

"நரி சிங்காரம் இன்று படுத்திருக்கும் இடம், வடக்கே ஈச்சம்புதர்."

கட்டையன் கொட்டாவி விட்டான். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" என்று தண்ணீருக்குள் போய்விட்டான்.

புல்மேட்டில் பவுனு இறக்கையைத் தூக்கினாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் அவற்றைத் தெற்குப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

நம்மை நம்பி நடப்பவர்களுக்கு, நாம் சலித்துப்போய்ச் சொல்லாமல் விட்ட உண்மை, பொய் செய்யும் கெடுதலையே செய்துவிடும்.