சிவப்புக் காரு வால்பாறை போயிட்டு வந்த கதை

எங்க சென்னியப்ப மாமா புளுகறாருன்னு நான் சொன்னா அது குத்தமுங்க. அக்கா புருஷனாச்சே. ஆனா அவரு ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சாருன்னா, முடிக்கறப்ப அது ஆரம்பிச்ச எடத்துல இருக்காது, அவ்வளவுதான்.

அன்னிக்கு நான் கதை கேக்கப் போகலீங்க. ஒரே ஒரு கையெழுத்துக்குப் போனேன். மாமா சிங்காநல்லூர்ல பம்ப்செட் கடை வெச்சிருக்காரு. அவருகிட்ட ஒரு வெள்ளைக் காரு இருந்துச்சு. பேருக்கு ஸ்போர்ட்ஸ் மாடல், உள்ள உக்காந்தா மெத்தைதான். ஏ.சி. குளுகுளுன்னு வரும், கியர் தானே மாத்திக்கும், குழியில எறங்கினாக்கூட மடியில இருக்கற டம்ளர் தளும்பாது. நாலு வருஷமா அது மேல எனக்கு ஒரு கண்ணு.

போன மாசம் மாமாவுக்கு என்ன ஆச்சோ தெரியல, "இது காரில்ல மாப்ள, கட்டிலு. ஓட்டறவனுக்கு ஓட்டறது தெரியோணும்"னு சொல்லிட்டு ஒரு சிவப்புக் காரை எறக்கிட்டாரு. ரெண்டே சீட்டு. கூரை இல்ல, ஏ.சி. இல்ல, பவர் ஸ்டீரிங் இல்ல, டிக்கியில ஒரு குடை வெக்க எடமில்ல. எதெது இல்லைன்னு அவரு அடுக்கினதைக் கேட்டா, இருக்கறவன் எவனும் அப்படிப் பெருமையடிச்சிருக்க மாட்டான். வெள்ளைக் காரை எனக்கே பேசி முடிச்சாச்சு. சிவப்புக்குப் பூசை போட்ட அன்னிக்கு, நாலு டயருக்கும் முன்னால அய்யரு எலுமிச்சம்பழம் வெச்சுத் திரும்பறதுக்குள்ள, நான் வெள்ளைச் சாவியை வாங்கிட்டுப் பறந்துட்டேன்.

சாவி வந்துச்சு, வண்டி வந்துச்சு, பேரு மாத்தற ஃபாரத்துல கையெழுத்து மட்டும் வரல. இன்னிக்கு நாளைக்குன்னு மூணு வாரம் ஓடிப்போச்சு. நடுவால மாமா நாலு தடவை போன் பண்ணி, "வெள்ளை சௌக்கியமா?"ன்னு வேற கேட்டாரு. எனக்கு பக்குனு ஆயிப்போச்சு. ஒண்டிப்புதூர்ல எங்க வீதி பூராவும் காரு வாங்கிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். மனசு மாறி இவரு திருப்பிக் கேட்டுட்டா நான் எப்படிங்க வெளிய தலை காட்டறது?

ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளைக் காரை அவங்க வாசல்ல நிறுத்திட்டு உள்ள போனா, பக்கத்து வீட்டு நாச்சிமுத்தண்ணன் உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்காரு. வால்பாறைத் தடத்துல இருவத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுசன். அவரைப் பாத்ததும் அப்படியே திரும்பிப் போயிரலாமான்னு நெனச்சேன். ஏன்னா, மாமா புளுகிட்டு இருக்கற வரைக்கும் சிவப்பு உசத்தி, வெள்ளை எனக்கு. புளுகை எவனாச்சும் உடைச்சான்னா வெள்ளை போச்சு.

ஃபாரத்தையும் பேனாவையும் டீப்பாய் மேல வெச்சுட்டு, சிவப்பு எப்படிங்க மாமா ஓடுதுன்னு நானே எடுத்துக் குடுத்தேன். மாமா சாஞ்சு உக்காந்துட்டாரு. இனி எல்லாம் அவரு சொன்னதுங்க.

அந்த வண்டியில சீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவால ஒண்ணுமே இல்லியாம். சூலூர் தடத்துல போறப்ப முன் டயரு ஒரு ரூவாக் காசு மேல ஏறுச்சாம். பூவா தலையான்னு முதுகுலயே தெரிஞ்சுதாம். நாச்சிமுத்தண்ணன் டம்ளரைக் கீழ வெச்சு, எந்த வருஷத்துக் காசுன்னு கேட்டாரு. மாமா கண்ணை மூடி, முதுகைக் கொஞ்சம் அசைச்சுப் பாத்து, ரெண்டாயிரத்துப் பதினொண்ணுன்னுட்டாரு. நான் ஃபாரத்தை ஒரு ஜாண் அவரு பக்கம் தள்ளி வெச்சேன்.

கூரை இல்லாம மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு அண்ணன் விடல. அதுக்கென்ன, கிணத்துக்கடவுல மழை கொட்டுச்சாம். முன்னால ஒரு லாரி தேங்காமட்டை ஏத்திட்டுப் போச்சாம். மாமா சிவப்பை அப்படியே லாரிக்கு அடியில விட்டு, அதே வேகத்துல பொள்ளாச்சி வரைக்கும் நனையாமப் போனாராம். லாரிக்காரன் டீக்கடையில நிறுத்தினப்ப, அவனுக்கே தெரியாம முன்பக்கமா வெளிய வந்து கை காட்டிட்டுப் போனாராம். ரயில்வே கேட்டு சாத்தியிருந்தா, தலையை மட்டும் சித்தெ குனிஞ்சா போதுமாம்.

"அப்படியே வால்பாறை ஏறிட்டேன்"னாரு மாமா. போச்சுடான்னு நான் நெனச்சேன். வேற எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் பரவால்லீங்க.

நாச்சிமுத்தண்ணன் சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நாப்பது கொண்டை ஊசி வளைவாச்சே, பவர் ஸ்டீரிங் இல்லாம கை கழண்டிருக்குமேன்னாரு. மாமா சிரிச்சாரு. கையா? அந்த வண்டிக்குக் கையே வேண்டாமாம். இடதுன்னு நெனச்சாப் போதும், திரும்பிக்குமாம். பதினஞ்சாவது வளைவுல, இடது பக்கம் இருந்த ஒரு பலாப்பழத்தை நெனச்சுட்டாராம். மரத்தடியில கொண்டுபோய் நிறுத்திருச்சாம். ஒம்பதாவது வளைவுல இவரு அடிச்ச ஹாரன், இருவதாவது வளைவுலதான் இவருக்குக் கேட்டுச்சாம். பின்னால யாரோ அவசரமா வர்றாங்கன்னு ஒதுங்கி வழி விட்டுட்டு, ரெண்டு நிமிசம் சும்மா நின்னாராம்.

ஆழியாறு செக்போஸ்டுல நிறுத்தி வண்டி நம்பர் எழுதுவாங்களே, அங்க என்ன பண்ணினீங்கன்னு அண்ணன் கேட்டாரு. மாமா அசரல. எழுதறவரு பேனா மூடியைக் கழட்டறப்ப இவரு மேல போனாராம், அவரு மூடியைத் திருப்பி மாட்டறதுக்குள்ள எறங்கிட்டாராம். போனதையும் வந்ததையும் ஒரே வரியில எழுதிட்டாங்களாம்.

"இதையும் கேளுங்க. அம்சா கல்லுல தோசை ஊத்தினா. டீத்தூள் இல்லைன்னா. நான் வால்பாறை போயி, எஸ்டேட்டுலயே டீத்தூள் வாங்கிட்டு வந்து, என் கையாலதான் அந்தத் தோசையைத் திருப்பிப் போட்டேன்."

அம்சாக்கா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, அன்னிக்கு இட்லின்னுட்டு உள்ள போயிட்டா. மாமா குரலைத் தாழ்த்தி, அவ திரும்பறதுக்குள்ள தோசையைச் சாப்ட்டே முடிச்சிட்டேன், அவளுக்கு எங்க தெரியும்னாரு. நான் பேனா மூடியைக் கழட்டி அவரு கையிலயே குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டாரு. ஃபாரம் மேல பேனா முள்ளு பட்டே போச்சுங்க.

அப்பத்தான் நாச்சிமுத்தண்ணன் எந்திரிச்சாரு. "நாப்பது வளைவு ஏறி எறங்கின டயரு தேஞ்சிருக்கோணுமே. வாங்க பாத்துருவோம்."

போர்டிகோவுல சிவப்புக் காரு கவர் போட்டு நின்னுட்டு இருந்துச்சு. அண்ணன் கவரைத் தூக்கி, முட்டி போட்டுக் குனிஞ்சாரு. நானும் குனிஞ்சேன். டயருல முள்ளு முள்ளா அந்தப் புது ரப்பர் அப்படியே இருக்குது. அதுக்கு முன்னால, அய்யரு வெச்ச எலுமிச்சம்பழம். நாலு டயருக்கும் நாலு. மூணு வாரத்துல காஞ்சு சுருங்கியிருந்துச்சே தவிர, ஒண்ணுகூட நசுங்கல.

மாமாவும் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பாத்தாரு.

"பாத்தீங்களா?"ன்னாரு நிமுந்து. "வால்பாறை போயிட்டு வந்து, மயிரிழை பிசகாம அதே நாலு பழத்துக்குப் பின்னால வந்து நிக்குது பாருங்க. இது உங்க பஸ்ஸுல நடக்குமா?"

நாச்சிமுத்தண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு மாமாவைக் கட்டிப் புடிச்சுக்கோணும் போல இருந்துச்சுங்க. ஃபாரத்தை மறுபடியும் நீட்டினேன். போடறேன் மாப்ள, போடறதுக்கு முன்னால வெள்ளையில கடைசியா ஒரே ஒரு சுத்து, தெரு முனை வரைக்கும்னாரு. பழகின வண்டியாச்சேன்னு எனக்கும் பாவமா இருந்துச்சு. சாவியைக் குடுத்துட்டேன். மடத்தனம்னா அதுதாங்க மடத்தனம்.

பத்து நிமிசம் ஆச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு. போனை எடுக்கல. ஃபாரமும் பேனாவும் அவரு சட்டைப் பாக்கெட்டுலயே போயிருச்சு. அக்காதான் வந்து எம் பக்கத்துல உக்காந்தா. பூசை அன்னிக்கு இவரு சிவப்புக்குள்ள எறங்கி உக்காந்தாராம், அவ்வளவுதான், எந்திரிக்க முடியலையாம். அய்யரும் பூக்காரம்மாவும் ஆளுக்கொரு கையைப் புடிச்சு மேல இழுத்தாங்களாம். அன்னிக்குப் போட்ட கவருதான் அது.

"அவரு வெள்ளையைத் தர மாட்டாரு பூபதி. நீ இதை எடுத்துக்கோ"ன்னு சிவப்புச் சாவியை என் கையில வெச்சுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. ஆனா கார் இல்லாம எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? கதவு மேலயே ஏறி உள்ள எறங்கினேன். நாலு பழமும் பட்டு பட்டுன்னு நசுங்குச்சு. ஒண்டிப்புதூர் மூணே கிலோமீட்டருதான், ஒவ்வொரு கல்லும் எனக்குத் தனித்தனியாத் தெரிஞ்சுது.

வீட்டு வாசல்ல எம் பொண்டாட்டி கோகிலா, எதுத்த வீட்டுக்காரங்க, பசங்க எல்லாரும் நின்னாங்க. வெள்ளைக் காரு எங்கன்னு கேட்டாங்க. நான் ஸ்டீரிங்கைப் புடிச்சபடியே சொன்னேனுங்க. வெள்ளையெல்லாம் கட்டிலு, ஓட்டறவனுக்கு இதுதான் வண்டின்னேன். வர்ற வழியில ஒரு காசு மேல ஏறுச்சு, பூவுன்னு முதுகுலயே தெரிஞ்சுதுன்னேன். சிங்காநல்லூர் சிக்னல்ல பச்சை விழுந்தப்ப கெளம்பினேன், இங்க வந்து நின்ன பொறகுதான் அங்க மஞ்சளே விழுந்துச்சுன்னேன். எதுத்த வீட்டுக்காரரு வாயைப் பொளந்துட்டாரு. நான் விடல, கால் மணி நேரம் பேசிட்டே இருந்தேன்.

கோகிலா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டா. "அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல எறங்கி உள்ள வாங்க, சோறு ஆறுது."

அதுக்குத்தானுங்க நான் கால் மணி நேரமா, கையைப் புடிச்சு இழுக்க ரெண்டு ஆள் பாத்துட்டு இருந்தேன்.