ஞாம்புரா தோண்டிய குழி

ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில், வற்றிப்போன ஆற்றங்கரையில் ஒரு யானைக்கூட்டம் இருந்தது. மழை பொய்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கரையோரத்து அத்திமர நிழலில் மணலைத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும்.

தோண்டுவது பெண் யானைகளின் வேலை. முதலில் குடிப்பது ஆண் யானைகள். "தண்ணீர் வானத்துப் பெரியவர் குடுத்தது. நீளத் தந்தம் உள்ளவருக்குத்தான் முதல் மடக்கு!" என்று பூசாரி நாரை சொல்லிவிட்டது. இரண்டாவது மடக்கு நாரைக்கு. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நன்றாகத் தோண்டுகிறவள் ஞாம்புரா. அவளுக்குப் பால்குடி மறக்காத ஒரு பெண்குட்டி. தாய் தண்ணீர் குடித்தால்தான் பால் ஊறும்.

ஒருநாள், குடித்த தெம்பில் தலைவன் கொம்பன் ஒரு அத்திமரத்தை முட்டிச் சாய்த்தான். எல்லாம் உச்சிக் கொழுந்துக்காக! மற்ற ஆண்களும் ஆளுக்கொரு மரத்தை முட்டினார்கள்.

ஞாம்புரா பதறினாள். "ஐயா, நிழல் போனா ஊத்தும் போயிடும்! விட்டுடுங்க!"

"எதிர்த்துப் பேசாதே! வானத்துப் பெரியவருக்குக் கோபம் வரும்!" என்றது நாரை.

"அவர் எங்க இருக்காரோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச சாமி இந்த மணலுக்கடியில இருக்கா. தோண்டும்போதெல்லாம் தண்ணி குடுக்கிறவ அவதான்!"

"வாயை மூடுக்கா! எங்களையும் சேர்த்து விரட்டிடுவாங்க!" என்றாள் தங்கை. மற்ற பெண் யானைகளும் விலகி நின்றன. ஞாம்புராவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மரங்கள் சாயச் சாயத் தண்ணீர் கீழே போனது. கடைசி மரமும் விழுந்த அன்று ஞாம்புரா கால் தேயத் தோண்டியும் குழியில் கொஞ்சம்தான் ஊறியது.

"ஒரே ஒரு வாய்! குட்டிக்குப் பால் இல்லை!" என்று கெஞ்சினாள்.

"வரிசையில வா!" என்றான் கொம்பன்.

வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது ஈர மணல்தான் மிச்சம். காலடியில் படுத்த குட்டி எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள், "தோண்டு!" என்று கொம்பன் பிளிறினான். ஞாம்புரா திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த அத்திமரத்துக் கிளைகளை ஒடித்துக் குட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் தோண்டினார்கள். புழுதிதான் வந்தது.

"எல்லாம் அவ பேசின பேச்சால வந்த வினை!" என்றது நாரை. தங்கைகூடத் தலையாட்டினாள். நாரை வேறு ஆற்றைத் தேடிப் பறந்துபோனது. யானைகளால் பறக்க முடியுமா? குழியைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

தோண்டுகிறவளைத் தாகத்தில் நிறுத்திவிட்டு, அதற்குச் சாமியைச் சாட்சிக்கு இழுக்கும் கூட்டத்துக்குக் கடைசியில் தண்ணீரும் இல்லை, சாமியும் இல்லை.