விசைவில்லின் முன் நிற்காதவன்

முன்னொரு காலத்தில், சண்டைக்கு வர எதிரியே இல்லாத ஒரு நாட்டில், கம்பளத்தில் வரைந்த காட்டிலும் மலையிலும் மர வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆடுவது அரண்மனை வழக்கம். மகாராணி இறந்த பிறகு மன்னர் வீரகேதுவுக்கு அந்த ஆட்டத்தை விட்டால் வேறு துணை இல்லை.

அவருடைய வீரன் கையில் விசைவில். அடி பலம்தான். ஆனால் ஒருமுறை எய்துவிட்டால் மறுபடி நாணை இழுத்துப் பூட்ட ஒரு சுற்று சும்மா இருக்க வேண்டும். அதற்குள் வாள்காரன் வந்து வெட்டிவிடுவான். மன்னர் முகம் சுருங்கினால் மந்திரி அனந்தசேனர் பொறுப்பாரா? "அரண்மனைக்கென்று தனி விதி எழுதிக்கொள்வோம், அரசே!" என்றார். முதலில் பூட்டும் சுற்று போயிற்று. பிறகு அம்பு கவசத்தையும் துளைத்தது. கடைசியில், "விசைவில்லின் முன் எவனும் நிற்கக் கூடாது, நின்றால் செத்தான்" என்று ஓலை எழுதி முத்திரையே வைத்துவிட்டார்கள்.

அதன்பின் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஆட்டம் முடிந்தது. தோற்பதற்கென்றே எவன் வருவான்? ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு மாமனார் வீட்டில் விசேஷம். மன்னர் தனியே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் தாமே பகடை உருட்டினார். பாவம், அப்போதும் அவரேதான் ஜெயித்தார்.

விகடகவி சடையாண்டியைக் கண்டாலே மந்திரிக்கு ஆகாது. "பொழுது சாயும்வரை தங்களோடு அவன் ஆடட்டும், அரசே. அதற்குள் தோற்றால் நாட்டை விட்டே போகட்டும்!" என்று பற்றவைத்தார். ஆளுக்கு ஏங்கிக் கிடந்த மன்னர் சரியென்றார்.

சடையாண்டி தன் வீரனைக் கம்பளத்தில் படுக்க வைத்தான். மன்னர் எய்தார்.

"செத்தான்!" என்று குதித்தார் மந்திரி.

"நின்றால்தானே சாவான், மந்திரியாரே? இவன் பிறவிச் சோம்பேறி, படுத்தே கிடக்கிறான். தாங்கள் எழுதிய ஓலைதான், படித்துப் பாருங்கள்."

மன்னரே வாங்கிப் படித்தார். குபீரென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! படுத்த வீரன் ஊர்ந்தே காட்டைக் கடந்தான், மலையேறினான். அம்பு மேல் அம்பு பாய்ந்தும் பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். மந்திரி மெல்ல நழுவினார்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"பூட்டும் சுற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அரசே. தாங்கள் நாண் பூட்டும் நேரத்தில்தான் எதிரே இருப்பவன் நெருங்கி வர முடியும். நெருங்கவே வழியில்லை என்றால் தங்களிடம் யார் வருவார்?"

மன்னருக்குக் கண் கலங்கியது. சிரித்துக்கொண்டே ஓலையைக் கிழித்துப் போட்டார்.

"இதோ, பூட்டுகிறேன். மெதுவாகவே பூட்டுகிறேன், சடையாண்டி," என்றார். "நீ கிட்டே வா."